மறைந்திருந்த முன்னாதாரங்கள்

ஊரிலிருந்து வேளையல்லாத வேளையில் தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடாத குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றேனும் உண்டோ, நான் அறியேன். 2024 ஆம் ஆண்டு வைகாசி மாதம், சார்ஜாவில் அலுவலக வேலையில் மூழ்கியிருந்த ஒரு முற்பகலில், கொல்லயிலிலிருந்து அம்மா அழைத்தார். "எனக்கு ஒன்றுமில்லை, மக்களே" என்பதையே முதலிற் சொன்னார். அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அதைத்தான் முதலிற் சொல்ல வேண்டும் என்பதைப் பல்லாண்டுப் பழக்கம் அவருக்குக் கற்பித்திருந்தது. பிறகே செய்தி வந்தது. அப்பாவின் மடிக்கணினியில் இடமே இல்லையாம். பேத்தியின் படங்களைச் சேர்த்து வைக்கப் போனால் 'இடம் போதாது' என்கிறதாம். கடைக்காரரைக் கேட்டதற்கு, உள்ளே இருப்பதை முழுவதும் துடைத்துப் புதிதாக்கித் தருவதாகவும், அரைநாள் வேலைதான் என்றும் சொன்னாராம். "கொடுத்துவிடட்டுமா?" என்று வினவினார்.

"வேண்டாம் அம்மா, வேண்டாம்! ஆடியில் நான் வருகிறேன். அதுவரை அதைத் திறக்கவே வேண்டாம்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலும். அடுத்த மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்குமுன் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். கொல்லயில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட பகுதியில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் கேட்டனர், அது நிறைவேறவில்லை. எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. பின்னாளில் அவர் தம்பி, என் சித்தப்பா, களியக்காவிளைப் பக்கம் குடியேறினார். ஒரு குடும்பம் இரண்டு மாநிலமாயிற்று.

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்; பள்ளியில் படிப்பு மலையாளம். அப்பாவின் தொழில் ஆதாரம் எழுதுவது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் அமர்ந்து, நாற்பது ஆண்டுகள் ஊரார் நிலங்களின் விற்பனையையும் பாகத்தையும் ஈட்டையும் மலையாளத்தில் எழுதினார். ஓய்வு பெற்ற பின்னர்த் தமக்கென்று தமிழில் எழுதத் தொடங்கினார். எங்கள் பக்கத்துத் தமிழர் வாயில் வழங்கும் சொற்களை அகரவரிசையில் தொகுப்பதே அந்த எழுத்து. சக்கை, மரச்சீனி, கொல்லாம்பழம், விளை, ஏலா என்று ஒவ்வொரு சொல்லாக எழுதி, அதை யார் வாயிற் கேட்டார், எந்த வேலையின்போது கேட்டார் என்பதையும் பக்கத்தில் குறித்துவைப்பார். வெள்ளம் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஆற்றுப் பெருக்கு. எங்கள் பாட்டிக்கோ குடிநீர். இத்தகைய சொற்கள் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருந்தன. 2021 பெப்ருவரியில் அப்பா காலமானார். தொகுப்பு அந்த மடிக்கணினிக்குள் இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை. மூன்றாண்டுகளாக நான் அதை எடுத்து வைக்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதை எடுப்பது எளிதாகவும் இல்லை. அப்பா தமிழ் தட்டெழுதக் கற்றது பழைய மென்பொருள் ஒன்றில். அக்காலத்தில் தமிழெழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்து ஏமாற்றுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கிலக் கீறல்களே தெரியும். தமிழ்நாட்டரசு 1999 இல் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்ததும், 2010 இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டதும் அப்பாவின் மேசைவரை வந்து சேரவில்லை. 2015 இல் புது மடிக்கணினி வாங்கியபோது பழைய மென்பொருள் அதில் ஓட மறுத்தது. ஊரில் கணினிப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் அதற்கொரு வழி செய்து கொடுத்தார். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் என்னும் மென்பொருளைப் புதுக் கணினியில் நிறுவி, அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யை ஒரு தனிக் கணினியாகவே ஓடவிட்டார். கணினிக்குள் கணினி! மெய்நிகர் கணினி என்று இதனைச் சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் பொறிகளில் இம்முறை 1960களிலேயே தோன்றிவிட்டது. மேசைக் கணினிக்கு 1999 இல்தான் வந்தது. உள்கணினியின் வன்தட்டு என்பது வெளிக்கணினியில் வெறுங்கோப்புத்தான். அப்பாவுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. 'பழைய வீடு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். மாலையில் காப்பி குடித்ததும் பழைய வீட்டைத் திறந்து இரண்டு மணி நேரம் எழுதுவார்.

ஆடி பிறந்து, கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஓரிரவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை அவிழ்க்குமுன் மடிக்கணினியைத் திறந்தேன். 'பழைய வீடு' திறக்கவில்லை. வெளித்தட்டில் இடமில்லாதபோது உள்கணினி ஓடாது. அது இருந்த கோப்புறையின் அளவைப் பார்த்தேன். 118 ஜி.பி. என்றிருந்தது. உள்கணினிக்கு வகுத்த தட்டோ 20 ஜி.பி. மட்டும். இருபது படி கொள்ளும் பானைக்குள் நூற்றுப் பதினெட்டுப் படி அரிசி எப்படிப் போகும்?

கோப்புறைக்குள் ஒரே பெயரும் வால் எண்களும் கொண்ட பெருங்கோப்புகள் வரிசையாக இருந்தன. பயண அலுப்பு, நள்ளிரவு, போதாக்குறைக்கு, எனக்குக் கணினி தெரியும் என்னும் செருக்கு. எண் இடப்பட்டவை வேண்டாத படிகளாயிருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பெரியவை நான்கை அழிக்கப் போனேன். ஏதோ ஒரு தயக்கம் வந்து, அழிக்காமல் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த வெளித்தட்டுக்கு நகர்த்தினேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்ததோ! இப்போது இடம் கிடைத்தது. பழைய வீட்டைத் திறந்தேன். சங்கிலியில் ஒரு கண்ணி காணவில்லை, ஆகவே தட்டைத் திறக்க முடியாது என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. நகர்த்தியவற்றை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலையில் அப்பாவின் பழைய பெட்டியில் இருந்த ஆதார நகல்களைப் பார்த்தபோதுதான் அந்தக் கோப்புகளின் முறை எனக்கு விளங்கியது. ஆதாரத்தில் முன்னாதாரம் என்று ஒன்று சொல்லப்படும். இந்நிலம் இன்னாருக்கு இன்ன எண்ணுள்ள ஆதாரப்படி வந்தது, அவருக்கு அதற்கு முந்திய ஆதாரப்படி வந்தது என்று பின்னோக்கிப் போகும். கடைசி ஆதாரத்தில் மாறுதல் மட்டுமே இருக்கும். உரிமையின் முழு வரலாறும் முன்னாதாரங்களில் இருக்கும். நடுவில் ஒன்று தொலைந்தால் கடைசிக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிலம் விற்க முடியாது. ஸ்னாப்ஷாட் என்பதும் இவ்வாறே அமைந்தது. ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் அதுவரை இருந்த தட்டு பூட்டப்படுகிறது. இனி அதில் யாரும் எழுத முடியாது. அதன்பின் செய்யும் மாறுதல்கள் யாவும் புதுக் கோப்பொன்றில் விழுகின்றன. அடுத்த ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்தக் கோப்பும் பூட்டப்பட்டு இன்னொன்று தொடங்கும். உள்கணினி எதையேனும் படிக்க விரும்பினால் கடைசிக் கோப்பில் தேடும். இல்லையெனில் அதற்கு முந்தியதில். அங்கும் இல்லையெனில் மூலத் தட்டில். நான் முந்தின இரவு நகர்த்தியவை படிகள் அல்ல, அத்தனையும் முன்னாதாரங்கள்!

ஆயினும் ஓர் ஐயம் நீங்கவில்லை. ஸ்னாப்ஷாட்டுகளைக் காட்டும் பட்டியலைத் திறந்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 2015 இல் அந்த இளைஞர் எடுத்து வைத்தது. ஒன்றுக்கு எப்படி இத்தனை கோப்புகள்? பட்டியலின் ஓரத்தில் சிறு கட்டமொன்று குறியிடப்படாமல் இருந்தது. தானியங்கிக் காப்பு எடுத்தவற்றையும் காட்டு என்பது அதன் பொருள். குறியிட்டேன். மேலும் ஒன்பது ஸ்னாப்ஷாட்டுகள் வரிசையாக வந்து நின்றன! 2019 நவம்பர் முதல் 2021 ஜனவரி வரை நாள் குறித்திருந்தது. நாளுக்கொன்று எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு ஒரு நாள் என்பது உள்கணினி ஓடிய இருபத்துநான்கு மணி நேரம். அணைத்து வைத்த நேரம் கணக்கில் சேராது. மாலையில் இரண்டு மணி நேரம் எழுதும் மனிதருக்குப் பன்னிரண்டு அமர்வு கூடினால்தான் ஒரு நாள். அந்த ஒன்பதும் அப்பாவின் கடைசி ஒன்பது 'நாள்'கள். இதை எண்ணியபோது சிறிது நேரம் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சொற்களை மட்டும் எழுதியவருக்கு ஒவ்வொரு கோப்பும் ஒன்பது, பத்து ஜி.பி. ஆனது ஏன்? இதற்கும் விடை கிடைத்தது. அப்பா ஒழுங்கு மிக்கவர். ஞாயிறுதோறும் தட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எக்ஸ்.பி. காலத்தில் யாரோ சொல்லிக் கொடுத்ததைத் தவறாமற் செய்துவந்தார். அவ்வாறு செய்யும்போது தட்டில் உள்ள துண்டுகள் இடம் மாறுகின்றன. இடம் மாறிய ஒவ்வொரு துண்டும் ஸ்னாப்ஷாட்டின் கண்ணுக்குப் புது மாறுதல். அத்தனையையும் அது புதிதாக எழுதிக்கொள்ளும். வீட்டைப் பெருக்கப் பெருக்கக் கொல்லையில் குப்பைமேடு வளர்ந்த கதைதான். மென்பொருளின் மேல் குற்றமில்லை. அது சொன்னதைச் செய்தது. உள்ளே இருந்து பார்த்தால் ஒன்பது ஜி.பி. என்றுதான் தெரியும். அப்பாவுக்கு இது தெரிய வழியேது?

இனி நான் அவசரப்படவில்லை. அம்மாவின் படங்களை முதலில் வெளித்தட்டுக்கு மாற்றி இடம் உண்டாக்கினேன். உள்கணினியை அணைத்தபடியே கோப்புறை முழுவதையும் வெளித்தட்டில் படியெடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னர் அந்தப் படியைத்தான் திறந்தேன். மூலத்தைத் தொடவில்லை.

தொகுப்பு இருந்தது. ஆனால் 'க' வரிசை முடிந்ததும் 'ம' வரிசை வந்தது. ச, த, ந, ப எதுவும் இல்லை. எப்போதோ தெரியாமல் விரல் பட்டு அழிந்திருக்கிறது. அப்பா கவனிக்காமல் வரிசையின் கடைசியில் புதுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். பின்னோக்கி ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாகத் திறந்து பார்த்தேன். 2020 அக்டோபரில் இல்லை. ஆகஸ்டில் இருந்தது! சக்கையும் அதன் குடும்பமும் அங்கே முழுமையாக இருந்தன. அந்த ஆகஸ்டு நிலைக்கே கணினியைத் திருப்பிவிட்டால் பிற்பாடு எழுதியவை போய்விடும். ஆகவே இரண்டு நிலைகளிலிருந்தும் கோப்பை வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டையும் இணைத்தேன். மீண்டவை 287 சொற்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாதது என் பிழையோ என்னவோ. 2020 ஏப்ரல் ஸ்னாப்ஷாட்டில் 'தம்பிக்கு' என்று ஒரு கோப்பு இருந்தது. ஜூனில் அது இல்லை. அந்த ஏப்ரல் எப்படிப்பட்ட மாதம் என்பது யாவரும் அறிந்ததே. ஊரடங்கு, மாநில எல்லைகள் அடைபட்டிருந்தன, பேருந்தேறிப் போய்வரும் தொலைவில் இருந்த சித்தப்பாவை அப்பாவால் போய்ப் பார்க்க முடியாத நேரம். கடிதம் எனக்கன்று எனத் தெரிந்தும் திறந்தேன். நான்கு வரி படித்தேன். பாகம் பிரித்த பழைய கதை. அப்பா நேரிற் பேசிக் கேட்டிராத சொற்கள். அம்மா காப்பியோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அனுப்பினாரா?"

"இல்லை. பிறகு அழித்திருக்கிறார்."

அம்மா சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மக்களே, சொல் தொலைந்தது கைத்தவறு. அதை எடுத்தது நல்லது. இது அவர் வேண்டாம் என்று அழித்தது. இதை எதற்குத் தோண்டுகிறாய்?" என்றார்.

கோப்பை மூடினேன்.

அன்று மாலை மூலக் கணினியில் வேலையைத் தொடங்கினேன். இங்கே அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பட்டியலில் ஸ்னாப்ஷாட்டை நீக்கு என்று ஆணையிட்டால் இன்றைய நிலை அழியாது; பூட்டிவைத்த பழைய நிலைக்குத் திரும்பும் வழி மட்டுமே போகும். இடைக்கோப்பில் உள்ள மாறுதல்கள் அடுத்துள்ளதோடு கலந்து சங்கிலி குறுகும். பல ஆதாரங்களை ஒன்றாக்கி எழுதுவது போன்றது அது. கோப்புறைக்குள் கையைவிட்டுக் கோப்பையே அழித்தாலோ, சங்கிலி அறுந்து எல்லாம் போகும். சொல் ஒன்றுதான், நீக்குதல்; செயல் இரண்டும் வேறு. கலக்கும் வேலைக்கும் சிறிது வெற்றிடம் வேண்டும். ஆகவேதான் தட்டு முற்றிலும் நிறைந்தபின் விழித்துக்கொள்வோர்க்குத் துன்பம் மிகுதி. நடுவில் மின்சாரம் போகக் கூடாது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் இது பெரிய கவலை. மடிக்கணினியின் மின்கலம் ஓரளவு தாங்கும் என்னும் நம்பிக்கையில் ஒவ்வொன்றாக நீக்கினேன். முதலில் தானியங்கிக் காப்பை நிறுத்தியிருந்தேன். இல்லாவிடின் ஒரு பக்கம் நீக்க மறுபக்கம் முளைத்திருக்கும். நள்ளிரவுக்கு மேல் பத்தாவதும் முடிந்தது. ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை தட்டுக் கோப்பைச் சுருக்க இயலாது. எல்லாம் நீங்கிய பின்னரே அதையும் செய்தேன். காலையில் கோப்புறை 12 ஜி.பி. ஆயிருந்தது. 106 ஜி.பி. மீண்டது. பேத்தியின் படங்கள் எல்லாம் திரும்பி வந்தன. அம்மா முதலில் பார்த்தது அவற்றைத்தான்.

நம் வீடுகளில் மெய்நிகர் கணினி வைத்திருப்போர் சிலரேனும் இருப்பர். அலுவலக வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10 உடன் வரும் ஹைப்பர்-வி.யில், 2017 இன் பிற்பகுதி முதல், புதிதாக அமைக்கும் உள்கணினிகளுக்கு ஒவ்வொரு தொடக்கத்திலும் தானே ஒரு நிலையைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு இயல்பாகவே இருக்கிறது. அங்கு அதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்படி என்று நம்பியிருக்கவும் வேண்டாம். அது நிற்பதும் அதே தட்டில்தான். தட்டுப் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அப்பாவின் தொகுப்பு இப்போது மூன்று இடங்களில், ஒருங்குறியில், இருக்கிறது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்த் தொகுப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "அண்ணன் வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா?" என்று தலை நிமிராமலே கேட்டார்.

"சொற்கள்தாம் சித்தப்பா" என்றேன்.

அது பொய்யா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மூலக் கணினியில் அந்தக் கடிதம் இல்லை, இணைத்தபோதே மறைந்துவிட்டது. ஆனால் முதலில் எடுத்த முழுப்படி வெளித்தட்டில் அப்படியே கிடக்கிறது. இங்கு என் மேசை இழுப்பறையில், கடவுச்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. துடைத்துவிட வேண்டும் என்று இருமுறை எடுத்து, இருமுறையும் திரும்ப வைத்துவிட்டேன்.

சித்தப்பா பென்சில் கேட்டார். 'ஏலா' என்பதற்கு அப்பா, வயல்வெளி என்று மட்டும் எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் சித்தப்பா, 'நம்முடைய ஏலாவில் தோட்டுக்கரையில் அண்ணனும் நானும் மீன் பிடிப்போம்' என்று நடுங்கும் கையால் எழுதிவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார்.